இழைய வளர்ப்பு என்றால் என்ன? அருகிவரும் மருந்துச் செடிகளுக்கு அது ஏன் தேவை?

செடியின் சிறு துண்டொன்றைக் கிருமியில்லாத போத்தலில், ஊட்டக்கூழில் வைத்து முழுச் செடியாக்குவதே இழைய வளர்ப்பு. மரவள்ளித் தடி நடுவதைப் போன்றதுதான். இங்கே ஒரு சென்ரிமீற்றர் கணுவே போதும்.

நீரிழிவு மருந்தாகப் பயன்படும் பொன்கொரண்டிக் கொடியை எடுங்கள். அதன் வேரிலும் தண்டிலும் உள்ள சலசினோல் என்ற பொருள், மாச்சத்து குளுக்கோசாக உடைவதைத் தாமதப்படுத்தும். ஆனால் வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். அதனால்தான் போத்தல்.

கணுவைக் கழுவி, 70% மதுசாரத்தில் அரை நிமிடமும் ஐதான குளோரொக்ஸில் (வெளிற்றும் திரவம்) 10 நிமிடமும் வைத்து, கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலச வேண்டும். கூழில் லீற்றருக்கு 30 கிராம் சீனி, கூழை இறுக்க 8 கிராம் அகார், கனியுப்புகள், தளிர்விடத் தூண்டும் ஓமோன். காட்டுத்துண்டுகளுக்குள் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். வெட்டுவாய் கசிந்து கூழ் கபிலமானால் உடனே புதுக்கூழுக்கு மாற்றுங்கள்.

அதிகம் சாவது வெளியே எடுக்கும்போதுதான். போத்தல் இலையில் மெழுகுப்படை மெல்லியது, இலைவாய்களும் சரியாக மூடாது; மட்டக்களப்பின் வறண்ட கச்சான் காற்றுப் பட்டால் வாடிவிடும். வேரில் ஒட்டிய கூழைக் கழுவி, பொலித்தீன் மூடியின் கீழ் நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்து, மூடியைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். மாரியில் செய்வதே நல்லது.

இது மரபணு மாற்றம் எனப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, மரபணுவில் யாரும் கைவைப்பதில்லை, தாய்ச்செடியின் பிரதியே வளர்கிறது.