எலியின் சினைப்பையும் மின் அக்குபங்சரும்: கேள்வி பதில்

எலிகளை வைத்துச் சினைப்பை ஆய்வு செய்பவள் நான். தெரிந்த வரை சொல்கிறேன்.

நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழக்கும் நோயை எலிக்கு எப்படி உண்டாக்குகிறார்கள்?

பெரும்பாலும் சைக்ளோபாஸ்பமைடு, சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துத்தான். முட்டை இருக்கும் ஃபாலிக்கிள்கள் அழியும். எலியின் சுழற்சி 4, 5 நாள்தான் என்பதால் அது குலைவது சீக்கிரம் தெரிந்துவிடும். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ஏறும், ஈஸ்ட்ரோஜனும், மிஞ்சியிருக்கும் ஃபாலிக்கிள்களின் அளவைக் காட்டும் ஏ.எம்.எச்.சும் இறங்கும். அப்புறம் தொப்புளுக்குக் கீழே குவான்யுவான், கணுக்காலுக்கு மேலே சான்யின்ஜியாவ் போன்ற புள்ளிகளில் ஊசி குத்தி, 2 ஹெர்ட்ஸ் போலத் தாழ்ந்த அதிர்வெண்ணில் லேசான மின்சாரம் கொடுப்பார்கள்; இதுதான் மின் அக்குபங்சர். ஹார்மோன்கள் சீராகி, ஃபாலிக்கிள்களும் அதிகம் மிஞ்சியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு.

அவற்றைப் படிக்கும்போது ஊசி எந்த நாளில் தொடங்கியது என்று முதலில் பாருங்கள். மருந்தோடு சேர்த்தோ, கொடுத்த கையோடோ தொடங்கியிருந்தால் அது இருப்பதைக் காப்பாற்றிய கதை. அழிந்ததை மீட்டதாகாது. மருத்துவரிடம் வரும் பெண்ணுக்கோ பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

வயது 34, எஃப்.எஸ்.எச். 60. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை விட்டுவிட்டு ஊசிக்குப் போகலாமா?

வேண்டாம் சகோதரி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. வழக்கமாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய 50 வரை, எடுக்கச் சொல்வார்கள். எதை மாற்றுவதானாலும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நான் அக்குபங்சர் செய்பவன். எலிக்கு நம்பிக்கை என்று ஒன்று கிடையாதே, பிறகு நம்பிக்கையால் மட்டும் குணம் தெரியும் பொய்ச் சிகிச்சை விளைவு அதில் எங்கே வரும்?

எலிக்கு நம்பிக்கை இல்லை, ஐயா. ஃபாலிக்கிளை எண்ணுகிறவருக்கு உண்டு. எது எந்தக் குழு என்று தெரிந்து எண்ணினால் கை ஒரு பக்கம் சாயும். இன்னொன்று, எலியைத் தினமும் பிடித்துக் கட்டிவைப்பதே அதன் ஹார்மோன்களைக் கலைக்கும். ஊசி போடாத குழுவையும் அதே அளவு கட்டிவைக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்தால்?

சரி, அந்த மயக்க மருந்துக்கும் விளைவு உண்டே! இரண்டு குழுவுக்கும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மனிதர்களுக்கு வந்தால் கதை இன்னும் கடினம். சீனாவில் 1000 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, சினைப்பையில் நீர்க்கட்டிகள் எனப்படும் பி.சி.ஓ.எஸ். பற்றியது, இந்த நோய் அல்ல. அதிலும் தாழ்ந்த அதிர்வெண் மின்சாரம்தான் கொடுத்தார்கள். ஊசியோடு, முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் குழந்தை பிறந்தது 29.4 சதவீதம், போலி ஊசியோடு அதே மாத்திரை எடுத்தவர்களில் 28. ஊசிக்கென்று தனிப் பலன் இல்லை. எலியில் கிடைத்ததை ஒரு பெண்ணிடம் வாக்குறுதியாகச் சொல்லாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எத்தனை முறை ஊசி போட்டால் மாதவிடாய் திரும்பும்?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. எலியை வைத்து அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்?

மின்சாரம் வேண்டாம்.

தங்கைக்கு 29 வயது, அடுத்த வாரம் கீமோ. எலியைப் போல முன்கூட்டியே ஊசி போட்டுக் காப்பாற்றலாமா?

அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முதல் டோஸுக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் முட்டையை உறைய வைப்பது பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும், அதனால் இன்றைக்கே பேசுங்கள்.