பிரிட்டனில் பழைய வீடு வாங்குகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில், சட்டம் காக்கும் பழைய கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 என்று இருக்கும் வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். "கடைசிப் படிதான், வெளிச்சுவரை மட்டும் தொடாதீர்கள்" என்கிறார் தரகர். நம்பலாமா ஐயா?

பதில்: தரகருக்கு வீடு விற்றால் போதும். பட்டியலில் உள்ளவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கிரேடு 2தான். எந்தப் படியானாலும் சட்டம் உள்ளே, வெளியே என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மாடிப்படிக் கைப்பிடி, கணப்படுப்பு எல்லாம் காப்புக்குள் வரும். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளாகத்தில் நிற்கும் கொட்டகையும் சேர்த்தி.

கேள்வி: குளிர் தாங்கவில்லை. பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடலாமா?

பதில்: அனுமதி வேண்டும், பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கண்ணாடி வழியாகத் தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். எதிர்வீட்டுப் புகைபோக்கி நெளிந்தால் அது ஊதிச் செய்த பழைய கண்ணாடி. அதையா குப்பையில் போடுவீர்கள்? உட்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவதே பலரும் செய்வது. அதற்கும் முதலில் உள்ளூர் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலரைக் கேளுங்கள். இங்கிலாந்தில் இந்த அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஸ்காட்லாந்திலும் இதே கிரேடுகளா?

பதில்: இல்லை. அங்கே ஏ, பி, சி.

கேள்வி: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் சுவரை இடித்திருந்தால்?

பதில்: குற்றம் அவருடையது, செலவு உங்களுடையது. பழையபடி ஆக்கச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கே வரும். இங்கிலாந்தில் அதற்குக் காலவரம்பும் இல்லை. பணம் கைமாறும் முன் பழைய அனுமதிக் கடிதங்களை வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பணக்காரர்கள் இடித்துவிட்டு அபராதம் கட்டிவிட மாட்டார்களா?

பதில்: அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. தந்திரக்காரர்கள் கட்டடம் பட்டியலில் ஏறுவதற்குள் இடிப்பார்கள். மேற்கு லண்டன் ஃபயர்ஸ்டோன் ஆலையை 1980 ஆகஸ்டில் விடுமுறை வாரக்கடைசி பார்த்து இடித்தார்கள். 2015இல் லண்டன் மைடா வேலில் கார்ல்டன் டேவர்ன் மதுக்கடைக்கும் அதே கதி. ஆனால் இம்முறை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை. இருந்தபடியே திருப்பிக் கட்டு என்றது. பட்டியலில் சேர்ப்பதற்கான ஆய்வில் எடுத்திருந்த பதிவுகள் கைகொடுத்தன. 2021இல் கடை மறுபடி திறந்தது.