ஏரிக்கரை ஒயின் தோட்டத்துக்கு ஒரு நாள்: கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டார்கள், சொன்னேன்

பெங்களூருக்கு வடக்கே ஒரு ஏரிக்கரையில், அப்பா, இரண்டு பிள்ளைகள், ஒரு மருமகள் என்று ஒரே குடும்பம் நடத்தும் சின்ன ஒயினரியில் ஏழு வருஷம் இருந்தேன். டேங்க் கழுவுவதில் ஆரம்பித்து லேப் வரைக்கும் போனேன், நடுவில் இரண்டு வருஷம் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் என் தலையில்தான். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஒயினரியைப் போய்ப் பார்ப்பது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் தனித்தனியாகக் கேட்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில். அந்த ஒயினரியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஓசூரிலிருந்து: அண்ணா, ஒயின்ஷாப்புக்கும் ஒயினரிக்கும் என்ன வித்தியாசம்? அங்கே போய்க் குடிப்பதற்கு இங்கேயே குடிக்கலாமே?

நம்ம ஊர் ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும், அதுதான் வித்தியாசம். ஒயினரி என்பது முதலில் தோட்டம், அப்புறம் ஆலை, கடைசியில்தான் குடிக்கிற இடம். தோட்டத்தையும் ஆலையையும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து போகாதீர்கள், ஒயினரிக்காரர்கள் நேரமும் வீண், உங்கள் டீசலும் வீண்.

பர்கூரிலிருந்து ஒரு ஆசிரியர்: எந்த மாதம் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம்?

இதுதான் சார் கேட்க வேண்டிய கேள்வி. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. நம்ம பக்கத்துச் சீதோஷ்ணத்தில் திராட்சைக்கொடி தூங்குவதே இல்லை, ஐரோப்பாவில் பனி செய்கிற வேலையை இங்கே கத்தரிதான் செய்கிறது. ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அதாவது கிளை வெட்டு, அது கொடி வளர்வதற்கு. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து, அது காய்க்கு. இரண்டாவது கவாத்திலிருந்து நாலு, நாலரை மாதத்தில் அறுவடை. ஜூலையில் போனால் பச்சை இலையையும் காலி டேங்க்கையும் பார்த்துவிட்டு வருவீர்கள், அதையும் நான் பலருக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், பாவம்.

அறுவடை நேரத்தில் காலை ஆறு மணிக்கே பெண்கள் கொத்து வெட்டிக் கிரேட்டில் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும். ஆகவே பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழல் வைத்திருப்பார்கள், ஒரு பழத்தை நசுக்கி அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் சர்க்கரை எத்தனை என்று கோடு காட்டும். ஒயின் திராட்சை 22, 24 ப்ரிக்ஸ் (நூறு கிராம் சாறில் அத்தனை கிராம் சர்க்கரை) வந்தால் வெட்டுவோம். கேட்டால் உங்கள் கையிலும் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று: சிவப்பும் வெள்ளையும் எங்கே பிரிகின்றன? வீட்டில் ஒரு பன்னீர் திராட்சையை எடுத்துத் தோலைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிர்ப் பச்சைதான். நிறம் தோலில்தான் இருக்கிறது, துவர்ப்பு தோலிலும் விதையிலும். தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு, பிழிந்து சாறை மட்டும் குளிரில் மெதுவாகப் புளிக்க வைத்தால் வெள்ளை. சிவப்பு டேங்க்கில் சக்கை மேலே மிதந்து தொப்பி மாதிரி நிற்கும், அதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கட்டையால் உள்ளே அமுக்க வேண்டும், விட்டால் புளித்துக் காடியாகிவிடும். என் தோள்பட்டை வலி இன்றைக்கும் அந்தத் தொப்பியின் நினைவாகத்தான் இருக்கிறது.

மறந்துவிடாதீர்கள், டேங்க்கின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்க்கக் கூடாது. புளிக்கும்போது வருவது கரியமில வாயு, கனமானது, அடியில் தங்கும். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கள் முதலாளி ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி இறக்குவார், பாதி தூரம் போவதற்குள் ஊதாமலே அணையும். அதைப் பார்த்த பிறகு யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

தர்மபுரியிலிருந்து: பிரதர், என்ட்ரி எவ்வளவு?

இடத்துக்கு இடம், கிழமைக்குக் கிழமை மாறும். போன் போட்டுக் கேளுங்கள். சின்ன ஒயினரிகளில் போன் பண்ணாமல் போனால் கேட்டே திறக்காது, அன்றைக்கு அந்தக் குடும்பமே பாட்டில் அடைத்துக்கொண்டிருக்கும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: எந்த இடத்துக்குப் போகலாம்? ஒரே நாளில் திரும்ப முடிகிற மாதிரி சொல்லுங்கள்.

ஒரே நாள் என்றால் நந்தி மலை அடிவாரம். தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் தோட்டம் 1988-ல் ஒரு குடும்பம் தொடங்கியது, கர்நாடகத்தில் மூத்தது அதுதான், 2012-ல் நாசிக்கின் சாம்பாவோடு சேர்ந்து குரோவர் சாம்பா ஆனது. டூர், டேஸ்டிங் இரண்டும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து போக மட்டும் சுமார் 150 கிலோமீட்டர், பெங்களூருக்குள் நுழையாமல் சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி வழியாகப் போங்கள்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும் என்றால் நாசிக்தான். கங்காப்பூர் அணை நீர்ப்பரப்பு ஓரமாகவே தோட்டங்கள் இருக்கின்றன. சுலா பெரியது, திருவிழாக் கூட்டம். பக்கத்திலேயே யார்க் என்று ஒன்று, ஒரு குடும்பம் தொடங்கியது, இப்போது சுலாவின் கையில், பிள்ளைகள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், ஊற்றுகிறவரிடம் கேள்வி கேட்டால் பதில் வரும். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லாத கதை உங்களுக்குத் தெரியும், ஆகவே தர்மபுரியிலோ ஓசூரிலோ குர்லா எக்ஸ்பிரஸ் ஏறி கல்யாணில் இறங்கி நாசிக் ரோட்டுக்கு மாறுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: நாலு பேர் என் காரில் போகிறோம். டேஸ்டிங் தானே, கொஞ்சம்தான் ஊற்றுவார்கள், ஓட்டிவிடலாம் இல்லையா?

ஓட்டக் கூடாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து வகை, வகைக்கு 50 மில்லி என்றால் கால் லிட்டர், ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 12 சதவீதம் என்றால் சுமார் 24 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் நூறு மில்லிக்கு 50 மில்லிகிராமைத் தொடும், சட்டம் அனுமதிப்பது 30. முதல் தடவை பிடிபட்டால் பத்தாயிரம் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, இரண்டும் சேர்ந்தும் வரலாம். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புங்கள். துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு ஜாடி வைத்திருப்பார்கள், அது பூஜாடி இல்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான்.

கிருஷ்ணகிரி டவுனிலிருந்து: நாலு பாட்டில் வாங்கி வரலாமா அண்ணா? பில் இருக்கும்.

பில் இருந்தாலும் வேண்டாம். அனுமதியில்லாமல் வெளிமாநிலச் சரக்கைக் கொண்டுவந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். எல்லையில், ஜூஜுவாடியில் வண்டியைத் திறக்கச் சொன்னால் "இது ஒயின் சார், ஹெல்த்துக்கு நல்லது" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். அங்கேயே திறந்து அங்கேயே முடியுங்கள்.

மத்திகிரியிலிருந்து ஒரு அக்கா: மனைவியும் பிள்ளைகளும் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். நாங்கள் நாலு பெண்கள் போகிறோம்.

தாராளமாகப் போங்கள் அக்கா, நான் சுற்றிக் காட்டியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். பிள்ளைகள் தோட்டத்தைப் பார்க்கலாம், கிளாஸ் கிடையாது, 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: அன்றைக்கு மட்டும் தலையில் மல்லிகை வேண்டாம், சென்டும் வேண்டாம். டேஸ்டிங் என்பது முக்கால்வாசி மூக்கு. ஒரு முழம் பூ வைத்து ஒருவர் வந்தால் அந்த மேஜையில் உள்ள எல்லார் ஒயினும் மல்லிகைதான். ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பான்பராக்கோடு வருகிறவர்களை எங்கள் முதலாளியம்மா வாசலிலேயே வாய் கொப்பளிக்க வைப்பார்.

காரிமங்கலத்திலிருந்து: என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு சார்?

மேலே தர்மபுரிக்காரருக்குச் சொன்னேன்.

பாலக்கோட்டிலிருந்து: பூச்சிப் பல்லுக்கு மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறேன், ஒரு வாய் குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். மீதியை மாத்திரை எழுதிய டாக்டரிடம் கேளுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, மாங்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவர்: திராட்சைக்கு எதுக்கு நாசிக் போகணும்? விலை விழுந்த வருஷம் பெங்களூரா மாம்பழத்தை ரோட்டோரம் கொட்டுகிறோம். அதில் ஒயின் போட்டால் நம்ம கே.ஆர்.பி. அணைக்கரையிலேயே நாலு ஒயினரி வைக்கலாமே? உங்களை மாதிரி ஆட்கள்தான் திராட்சை, திராட்சை என்று பெரிதுபடுத்துகிறீர்கள்.

வாங்க. இது எனக்கும் ஏழு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிற கேள்விதான்.

நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், லைசென்ஸ் உள்ள அந்த ஆலையின் லேப்பிலேயே, இருபது லிட்டர். முதல் சிக்கல் சர்க்கரை. உங்கள் பெங்களூராக் கூழ் 14, 16 ப்ரிக்ஸ்தான், அதைச் சுமார் 0.55-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 8 சதவீதம் தேறும். சீக்கிரம் கெடும். சீனி சேர்க்க வேண்டும். இரண்டாவது பெக்டின், பழச்சாறைத் தெளியவிடாமல் கூழாகவே நிறுத்தும் பொருள். திராட்சைச் சாறு தெளிய வாரங்கள் போதும், என் மாங்காய்ச் சரக்கு இரண்டு மாதமும் மோர்க்குழம்பு மாதிரியே நின்றது. மூன்றாவதுதான் மனசு உடைந்தது: புளித்து முடித்ததும் அந்த மாம்பழ வாசனை போயே போய்விட்டது. மீதி இருந்தது வேகவைத்த பூசணி.

மறுபடி காவேரிப்பட்டணம்: பெக்டினை உடைக்கிற என்சைம், பெக்டினேஸ் போட்டீர்களா? எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில்?

போட்டேன், 15 டிகிரியில். சரி, ஒத்துக்கொள்கிறேன், அந்தக் குளிரில் என்சைம் தூங்கும். முதலில் சூடாக வைத்து என்சைமை வேலை செய்யவிட்டு, அப்புறம் குளிர வைத்து ஈஸ்ட் போட்டிருக்க வேண்டும். அது என் தப்பு, மாம்பழத்தின் தப்பு இல்லை.

மறுபடி அவரே: அப்படியானால் பூசணி வாசனைக்கும் மாம்பழம் காரணம் இல்லை, ரகம்தான். பெங்களூரா ஜூஸ் கம்பெனிக்கான பழம், நாங்களே வாசனைக்கு அல்போன்சாக் கூழ் கலக்கிறோம்.

அல்போன்சா விலையில் ஒயின் போட்டால் பாட்டிலை யார் வாங்குவது?

மத்திகிரி அக்கா, நடுவில்: கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பன்னீர் திராட்சை, சீனி, கோதுமை போட்டு ஜாடியில் வைக்கிறோம். உங்கள் ப்ரிக்ஸ் எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் செய்வது ஒயின் இல்லையா?

ஒயின்தான் அக்கா, யார் இல்லை என்றது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் புளிக்க வைப்பதும் சட்டப்படி குற்றம், ஆகவே இந்தக் கேள்வியை நான் படிக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

காவேரிப்பட்டணத்துக்காரருக்கு மீதிப் பதில். பழத்தை விடுங்கள், அணைக்கரையில் ஒயினரி வராததற்கு வேறு காரணம் இருக்கிறது. மகாராஷ்டிரா 2001-லும் கர்நாடகா 2007-லும் ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டன, தோட்டத்திலேயே ஊற்றலாம், விற்கலாம். நம்மிடம் மொத்த வியாபாரம் 1983-லிருந்து, சில்லறை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். தன் வாசலில் ஒரு பாட்டில் விற்க முடியாத ஒரு குடும்பம் எதற்காக ஏரிக்கரையில் மேஜை போடும்? எங்கள் முதலாளி வீட்டில் அந்த மேஜைதான் சோறு போட்டது, கடைகளுக்கு அனுப்புவதில் மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம். அணைக்கரையில் இப்போதைக்கு மீன் வறுவல்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஓசூர் சிப்காட்டிலிருந்து: எங்கள் டீம் 25 பேர், சனிக்கிழமை மதியம்...

இருபத்தைந்து பேர் சனிக்கிழமை மதியம் என்றால் அது டேஸ்டிங் இல்லை, பந்தி. ஆறு பேராகப் பிரிந்து, வார நாளில், காலையில் போங்கள். டிரைவரோடு.

அரூரிலிருந்து: என்ட்ரி எவ்வளவு என்று யாராவது சொல்லுங்களேன்?

…

காவேரிப்பட்டணம், இரவு பதினொன்றுக்கு: செந்தூரா மாம்பழத்தை மறந்துவிட்டீர்கள். விலையும் குறைவு, வாசனையும் இருக்கு.

மறக்கவில்லை, செந்தூராவில் நான் அளந்து பார்த்ததே இல்லை. உங்கள் ஆலை லேப்பில் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும்தானே, சீசனில் நன்றாகப் பழுத்தது ஐந்தாறு எடுத்து, காம்புப் பக்கம், நடு, மூக்கு மூன்றிலும் சொட்டு விட்டுப் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள். 18-ஐத் தாண்டினால் எனக்குப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும் சரி.