பகலில் இலைவால் பல்லி கண்ணில் படவில்லையா?

கிளைகளை விட்டுவிட்டு மரத்தண்டுகளைப் பாருங்கள். மடகாஸ்கரின் நோசி மங்காபே தீவில் இரண்டு நாள் பகல் முழுக்கத் தேடியும் இலைவால் பல்லி சிக்கவில்லை என்றீர்கள். அங்குள்ள பெரிய இனம் பகலில் தண்டோடு ஒட்டித் தலைகீழாகக் கிடக்கும்.

நீங்கள் பல்லி வடிவத்தைத் தேடியிருப்பீர்கள். அந்த வடிவமே தெரியாதே! தாடையிலும் விலாவிலும் உள்ள தோல் மடிப்பு மரப்பட்டையின்மேல் படிந்து, உடலின் விளிம்பையும் நிழலையும் மறைத்துவிடும். விரல் நீட்டிக் காட்டினாலும் சட்டென்று பிடிபடாது.

சரி, ஒன்று செய்யுங்கள்: தண்டுக்குப் பக்கவாட்டில் நின்று, அதன் ஓரக்கோட்டில் லேசான புடைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் தொட வேண்டாம். சிவந்த வாயைப் பிளந்து மிரட்டும், வாலையும் உதிர்த்துவிடலாம்.

இது பெரிய இனத்துக்கு மட்டும்தான். காய்ந்த இலை போலிருக்கும் சின்ன இனங்களைத் தாழ்ந்த புதர்களில் தேட வேண்டும்.