எனம் கட்டுப்பாடு போட்டும் டிரைபார்ஸ் பிழை தருவது ஏன்?

வணக்கம். சி ஷார்ப்பில் உங்கள் ஜெனரிக் மெதடுக்கு (டி என்ற பல வகைகளுக்கும் பொதுவாக எழுதியது), டி ஒரு எனமாக, அதாவது பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலாக இருக்க வேண்டும் என்று 'வேர் டி : எனம்' போட்டிருக்கிறீர்கள், உள்ளே, எழுத்தை எனம் மதிப்பாக மாற்றிப் பார்க்கும் எனம்.டிரைபார்ஸை அழைத்ததும், டி என்பது நல் (வெற்று) ஆகாத வேல்யூ டைப்பாக (மதிப்பையே நேரடியாக வைத்திருக்கும் வகை) இருக்க வேண்டும் என்று கம்பைலர் அடம்பிடிக்கிறது. எனம் என்றாலே வேல்யூ டைப்தானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சிஸ்டம்.எனம் என்ற தாய் வகை ஒரு கிளாஸ், வேல்யூ டைப் அல்ல. நீங்கள் எழுதியபடி டி இடத்தில் அதையே கொடுத்தாலும் செல்லும். கம்பைலரின் சந்தேகம் அதுதான்.

'வேர் டி : ஸ்ட்ரக்ட், எனம்' என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். வேல்யூ டைப் மட்டும்தான் என்று சொல்லும் ஸ்ட்ரக்ட்தான் முதலில் வர வேண்டும். 2018-இல் வந்த சி ஷார்ப் 7.3 பதிப்புக்கு முன் எனம் கட்டுப்பாடு என்ற வசதியே கிடையாது, அதனால் பிராஜெக்டின் மொழிப் பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இது என்னை அரை நாள் அலையவிட்டது. பயனர் "42" என்று தட்டினால், அந்த எண்ணில் எந்த உறுப்பும் இல்லாவிட்டாலும் டிரைபார்ஸ் 'ட்ரூ' என்றே தரும். அடுத்த வரியிலேயே, அந்த மதிப்பு எனமில் இருக்கிறதா என்று சொல்லும் எனம்.இஸ்டிஃபைன்டு வைத்துச் சோதித்துவிடுங்கள். பல உறுப்புகளைச் சேர்த்து ஒரே மதிப்பாக வைக்கும் ஃபிளாக்ஸ் எனமுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். தனிப் பெயர் இல்லாத சேர்க்கை மதிப்பை அது 'ஃபால்ஸ்' என்று தள்ளிவிடும்.