மூன்று சீட்டு, மூன்று பெயர்

மனநல மருத்துவரிடம் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூன்று ஆண்டுகளில் மூன்று மருத்துவர்களிடம் காட்டிவிட்டோம். முதலாமவர் பதற்ற நோய் என்றார். அடுத்தவர் மனச்சோர்வு என்றார். இப்போது பார்ப்பவர் இருமுனைய மனநோய் என்கிறார். ரத்தம், ஸ்கேன் எல்லாமே சரியாக இருக்கின்றன. ஆளுக்கொன்றாக ஊகித்துச் சொல்கிறார்களா? யாரை நம்புவது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மூன்று சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை போகும்போது மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். மூலையில் எஃப் 41, எஃப் 32, எஃப் 31 என்று எழுதியிருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் பத்தாம் பதிப்பு தந்த எண்கள் அவை. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும் பழைய எண்களை எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சர்க்கரை நோய்க்கு வெறும் வயிற்றில் 126 என்று ஒரு கோடு இருக்கிறது. மனநோய்க்கு அப்படி ஒரு கோடு இல்லை. ரத்தமும் ஸ்கேனும் எடுப்பது தைராய்டு கோளாறு, மூளைக்கட்டி போன்றவை இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான். அதன் பிறகு மருத்துவர் கையில் இருப்பவை மூன்றே: நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, எத்தனை நாளாக என்ற கணக்கு. சோகமோ எதிலும் நாட்டமின்மையோ அநேகமாக எல்லா நாளும் இரண்டு வாரம் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டு, குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு என்று சேர்ந்து, அன்றாட வேலையும் முடங்கினால் அது மனச்சோர்வு. உற்சாகம் அளவு மீறி, இரண்டு மணி நேரம் தூங்கினாலே போதும் என்றாகி, பேச்சு கட்டுக்கடங்காமல் ஓடி, பணம் தண்ணீராகச் செலவாகி, ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் அது பித்துநிலை. இந்தப் பித்துநிலை வாழ்நாளில் ஒரு தடவை வந்திருந்தாலும் நோயின் பெயர் இருமுனையம் என்று மாறிவிடும்.

சிக்கல் இங்கேதான். பித்துநிலையில் இருப்பவர் தனக்கு நோய் என்றே நினைப்பதில்லை. உலகமே தன் கைக்குள் இருப்பதாகத் தோன்றும்போது யார் மருத்துவமனைக்கு வருவார்கள்? சோர்ந்து விழுந்த பிறகுதான் வருகிறார்கள். அன்றைக்கு மருத்துவர் கண்ணில் படுவது சோர்வும் பதற்றமும் மட்டுமே.

அரசுப் பணியில் இருந்த காலத்தில் ஒரு தாய் மஞ்சள் பையில் தினசரி காலண்டர் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். மகனின் தூக்கத்தைக் குறித்து வையுங்கள் என்று நான் சொன்னது அந்த ஒரு மாதத்துக்குத்தான். அவரோ அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வந்திருக்கிறார். 'ராத்திரி 2 மணி.' 'தூங்கவில்லை.' 'தூங்கவில்லை. செருப்பு நான்கு ஜோடி வாங்கி வந்தான்.' ஒன்பது தாள்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அந்தப் பையனுக்கு எட்டு மாதமாக மனச்சோர்வு என்று எழுதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். போன கோடையில் எப்படி இருந்தான் என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. அன்று பெயரை மாற்றினேன். மருந்தையும் மாற்றினேன், ஏனென்றால் இருமுனைய நோயில் சோர்வு நீக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்குப் பித்துநிலை கிளம்பிவிடும். லித்தியம் போன்ற, மனநிலையை நிலைநிறுத்தும் மருந்து அவர்களுக்குத் தேவை.

உங்கள் சந்தேகம் ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு நியாயமாகவே இருந்தது. 1960களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதப்பட்டவர்கள் லண்டனில் இருந்தவர்களைவிட மிக அதிகம். இரு ஊர் நோயாளிகளையும் ஒரே கேள்விகளால் ஒரே முறையில் விசாரித்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போனது. வேறுபட்டிருந்தது மருத்துவர்களின் அளவுகோல். இத்தனை அறிகுறி, இத்தனை நாள் என்று எழுத்தில் வரையறுக்கும் வழக்கம் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் உறுதியாக இடம்பிடித்ததற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

ஆகவே, மூன்றாமவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பிக்குப் பித்துநிலை எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள், டாக்டர்?" அவர் ஒரு காலத்தைச் சொல்வார். அப்போது வீட்டில் நடந்தவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். பொருந்தினால் அவரிடமே தொடருங்கள். பொருந்தாவிட்டால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பட்டப்படிப்பு முடித்த என் மகள் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொல்கிறாள். இது எந்த வகை மனநோய்? எத்தனை நாள் சிகிச்சையில் குணமாகும்?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: எந்த வகையும் இல்லை, ஐயா. நோயே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் இதைத் தங்கள் நோய்ப் பட்டியல்களிலிருந்து நீக்கிவிட்டன. குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தது. தீர்ப்பளித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது புரியவேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டே எழுதினார். நீங்களும் அப்படி ஒருவரைப் பார்க்கலாம், மகளை அழைத்துப் போகாமல், உங்களுக்காக.

ஊருக்குப் பிடிக்காததை நோய் என்று எழுதிய மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்பவர், பண்ணையிலிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு 'டிராபெட்டோமேனியா' என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலையை விரும்புவது அவருக்கு நோயாகத் தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் பேனா பிடிக்கும் என் கை தயங்கும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. உங்கள் மகள் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்வதற்கு முன் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாளோ, அதைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. மனைவி காலமாகி நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய செல்போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். சாயங்காலம் அந்த எண்ணைக் கூப்பிட்டு, அலமாரிக்குள் மணி அடிப்பதைக் கேட்பேன். அழுகை வரும். மகன் இதை மனநோய் என்கிறான். மாத்திரை சாப்பிட வேண்டுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஐயா. நீங்கள் எழுதியிருப்பவற்றில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீடித்த துயரம் என்ற பெயரில் ஒரு நோய் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் கையேடோ ஓர் ஆண்டு என்கிறது. அது மட்டும் போதாது. அவரவர் ஊர் வழக்கத்தையும் சமயத்தையும் மீறிய துயரமாக இருக்க வேண்டும், வாழ்க்கையும் முடங்கியிருக்க வேண்டும். திதி கொடுக்க ஓர் ஆண்டு காத்திருக்கும் நம் வீடுகளில் நான்கு மாதம் என்ன பெரிய காலம்?

நாற்பது வருடம் ஒரே குரலைக் கேட்ட காது அது. சாயங்காலம் ஆனால் தேடத்தான் செய்யும்.

ஆனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு எடை குறைகிறதா? விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து பிறகு தூக்கமே இல்லையா? 'அவளைச் சரியாகக் கவனிக்காமல் விட்டேன்' என்ற எண்ணம் பகலெல்லாம் அரிக்கிறதா? இவை இரண்டு வாரம் தொடர்ந்தால் துயரத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். அப்போது நாள் கணக்குப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள். நானும் அவளோடு போய்விடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருக்கும் போனது தாய். சாயங்காலம் அந்த எண்ணைக் கூப்பிடும்போது ஒரு நாள் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.