ஜப்பானில் உழவர் கடை: போகுமுன் வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் ஜப்பான் போகிறோம். விவசாயிகளே விற்கும் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, பைபாஸ் ஓரம் ஒரு கடை போடுவதாகத் திட்டம். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

அலமாரியைப் படமெடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் கணக்கைப் பாருங்கள்.

‘மிச்சி நோ எகி’ என்ற சாலையோர நிலையங்கள் அங்கே 1993 முதல் இருக்கின்றன. இப்போது 1,200-க்கும் மேல். வண்டி நிறுத்த இடம், இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறை, அதை ஒட்டி உழவர் கடை. பெரும்பாலும் இந்தக் கடைகள் சரக்கை விலைக்கு வாங்குவதில்லை. விவசாயியே பொட்டலம் போட்டு, விலை வைத்து, தன் பெயரும் பார்கோடும் உள்ள லேபிளை ஒட்டி, கடை திறக்குமுன் அடுக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். விற்றதில் கமிஷன் சுமார் 15 முதல் 20 சதவீதம். 150 யென் கீரைப் பொட்டலத்துக்கு 15 சதவீதம் போனால் 127.50 யென் கைக்கு வரும். பை, லேபிள் செலவு அதற்குள்தான். விற்காததை அவரே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கீரைக்கு அன்றோ மறுநாளோ கெடு.

அந்தக் கடைசி விதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுவந்தால் கடை நிற்காது. ரொக்கம் கொடுத்து வாங்கி வைத்தால் வாடியது முழுக்க நிறுவனத்தின் தலையில்தான் விழும். 1999-ல் மதுரையில் தொடங்கிய நம் உழவர் சந்தையில் தரகர் இல்லை, சரி. ஆனால் விற்றுத் தீரும்வரை விவசாயி அங்கேயே உட்கார வேண்டும். ஜப்பான் முறையில் அந்த ஒரு ஆள் கூலி மிச்சம்.

ஒரே கடைக்குக் காலை திறக்குமுன், மதியம், சாத்தும் நேரம் என மூன்று முறை போங்கள். பசலைக்கீரை போல ஒரே ஒரு பொருளை எடுத்து, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், பொட்டலம் எத்தனை கிராம், ஆளுக்கு ஆள் விலை என்ன, மாலையில் யாருடையது மீந்தது என்று எழுதுங்கள். பத்துக் கடை சுற்றுவதைவிட இது மேல். ஷிகோகு தீவில் உச்சிகோ ஊரின் ‘கராரி’ கடையில் விற்பனை விவரம் விவசாயியின் போனுக்கே போகிறது. தீர்ந்தது தெரிந்தால் மறுபடி கொண்டுவருவார். பில் போடும் இடத்தில் இதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

சிக்கலையும் கேளுங்கள். பருவத்தில் எல்லோரும் ஒரே காயைக் கொண்டுவந்து, ஒருவர் பத்து யென் குறைக்க, அடுத்தவர் இருபது குறைப்பார். சில கடைகள் இதற்காகவே அடிவிலை வைத்திருக்கின்றன. முருங்கை சீசனில் உங்களுக்கும் இதே கதைதான். யார் எந்த வாரம் விதைப்பது என்று பேசி வைக்காமல் கடை திறக்காதீர்கள்.

பயணத் தேதியில் ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும் அங்கே தொடர் விடுமுறை. அறை வாடகை ஏறும், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.

கேள்வி: நல்ல விதை கிடைத்தால் பையில் போட்டுக் கொண்டுவரலாமா?
– வாசகி, பல்லடம்

கூடாது. இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாத விதையை விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். போகும்போதும் பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கறி ஊறுகாய் வேண்டாம். ஜப்பானுக்குள் மண்ணும் போகக்கூடாது. தோட்டத்தில் போட்ட செருப்பை அடிப்பள்ளம் வரை தேய்த்துக் கழுவிக் காயவைத்தே கட்டுங்கள்.

கேள்வி: லேபிள் ஒட்ட என்ன மெஷின் வேண்டும்?
– வாசகர், ஓசூர்

சிறிய தெர்மல் லேபிள் பிரிண்டர் போதும், மை வேண்டாம். ஆனால் அந்த எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், ரோலை நிழலில் வையுங்கள். ஈரக் கீரைப் பையில் ஒட்டினால் உரிந்து வரும். பையைத் துடைத்த பிறகு ஒட்டுங்கள்.